வேலிக் கதியாலிலிருந்து வாவிக்கரைப் புங்கு வரை: அவரைக் குடும்ப மரங்களை மருந்தாகவும் நஞ்சாகவும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு பழைய வளவுக்குள் போய் வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். கதியாலாக, அதாவது வேலிக்கு நட்டுத் துளிர்த்த தடியாக, முள்முருக்கு நிற்கும், சீமைக்கிளுவை நிற்கும், இடையில் இபில் இபில் தானாக முளைத்திருக்கும், கிணற்றடிப் பக்கம் ஓர் அகத்தி. வளவின் பின்மூலையில் பாட்டன் காலத்துப் புளி. வாவிக்கரைக்கு இறங்கினால் புங்கு. றோட்டுக்கு ஏறினால் கொன்றையும் வாகையும். மட்டக்களப்பு நகரத்தின் நடுவில் இருக்கும் தீவுக்கே புளியந்தீவு என்றுதான் பெயர். இத்தனையும் ஒரே குடும்பம். நாம் சொதிக்கும் கறிக்கும் போடும் பயற்றங்காய், அவரைக்காயின் சொந்தக்கார மரங்கள்.

இந்த மரங்களோடு புழங்கும் அறிவு எங்கள் பெரியம்மாமாருக்கும் நாட்டு வைத்தியம் பார்த்த பரிகாரிமாருக்கும் கையோடு இருந்தது. எந்தக் குழையை ஆட்டுக்கு ஒடிப்பது, எதைக் கோழிக்குப் போடக்கூடாது, எந்த விதையைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி எறிவது என்று அவர்கள் யோசித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடி இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அந்த அறிவு பல வீடுகளில் கைமாறாமல் போய்விட்டது. இப்போது அந்த இடத்தை ஃபோனில் பார்க்கும் வீடியோக்கள் நிரப்புகின்றன. அவற்றில் சொல்லப்படும் பெயரும் நம் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருந்தாலும் மரம் வேறாக இருக்கலாம். தமிழ்நாட்டில் கருங்காலி என்றால் பெரும்பாலும் அவரைக் குடும்பத்து முள்மரம் ஒன்று. இங்கே கருங்காலி என்றால் கறுத்த வைரம் பாய்ந்த காட்டு மரம், அந்தக் குடும்பமே அல்ல. பெயரை மட்டும் நம்பி இலையைப் பறிப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே வளவில் இறங்கி ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துப் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். வழி முழுக்க மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்: மரத்தின் எந்தப் பாகம், எப்படிப் பக்குவப்படுத்தியது, யார் வயிற்றுக்குள் போகிறது. ஒரே மரத்தின் இலை ஆட்டுக்கு உணவாகவும், கோழிக்குக் கேடாகவும், அதன் விதை மனிதருக்கு நஞ்சாகவும் இருக்கக் கூடும். நல்ல மரம், கெட்ட மரம் என்று இரண்டாகப் பிரித்து வைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

படி 1: இது அவரைக் குடும்பமா என்று உறுதிசெய்தல்

முதலில் காயைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் காய் என்பது நெற்று. ஒற்றை அறை, இரண்டு விளிம்பு, விதைகள் எல்லாம் ஒரு பக்க விளிம்பில் வரிசையாகத் தொங்கும். பயற்றங்காயை உரித்துப் பார்த்த கைக்கு இது தெரியும். முருங்கைக்காய் நீளமாக இருப்பதால் பலர் அதையும் இதில் சேர்க்கிறார்கள். முற்றிய முருங்கைக்காயை வெடிக்க விட்டால் மூன்று மடலாகப் பிரியும், விதைக்குச் செட்டை இருக்கும். அது வேறு குடும்பம். பெயரில் முருங்கை இருந்தாலும் முள்முருங்கை என்னும் முள்முருக்குத்தான் அவரைக் குடும்பம்.

அடுத்தது இலை. முள்முருக்கில் ஒரு காம்பில் மூன்று இலை. புளி, கொன்றை, புங்கு, அகத்தி, சீமைக்கிளுவை ஆகியவற்றில் ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் இறகு மாதிரி நிற்கும். இபில் இபில், வாகை, மஞ்சாடி, விடத்தல் ஆகியவற்றில் இறகுக்குள் இறகு. மாலை வெயில் சாய்ந்தபின் போய்ப் பார்த்தால் இவற்றில் பல இலையைக் கூப்பித் தூங்கும்.

பூவரசு, முதிரை, தில்லை மூன்றும் இந்தக் குடும்பம் இல்லை. தில்லையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தில்லை மண்டூர் என்ற ஊர்ப்பெயரில் வரும் அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் ஓரத்தில் குழை ஒடிக்கப் போகிறவர்கள் அதை முதலில் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மழைக்குப் பிறகு ஒரு சிறு நாற்றை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். அகத்தி, சீமைக்கிளுவை, இபில் இபில் வேர்களில் சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் இருக்கும் நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும் பக்டீரியா குடியிருக்கும் வீடு அது. நம் வயற்காரர் இந்தக் குழைகளைப் பசளையாக வயலில் மிதித்ததற்குக் காரணமும் அதுதான். ஆனால் புளியிலும் கொன்றையிலும் இந்த முடிச்சைத் தேடி ஏமாற வேண்டாம். அவரைக் குடும்பமாக இருந்தும் அவை முடிச்சுக் கட்டுவதில்லை.

படி 2: கதியால் மரங்களைத் தனித்தனியாக அறிதல்

சீமைக்கிளுவையிலிருந்து தொடங்குவோம். வாயில் கிளிசறியா என்றுதான் வரும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். 2005 இல் இலங்கை அரசு இதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. விறகுக்காகவும் மின் உற்பத்திக்காகவும். நமக்கு அது எப்போதும் வேலி, குழை, மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு.

இதன் சொந்த ஊரில் இதை ஸ்பானிய மொழியில் அழைக்கும் பெயரின் பொருள் 'எலிக்கொல்லி'. பட்டையும் இலையும் விதையும் அங்கே எலிக்கு நஞ்சாகப் பயன்பட்டன. இதற்குப் பின்னால் இருக்கும் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த இலையைக் கசக்கினால் வரும் ஒரு வாசம் கூமரின் என்னும் பொருளினுடையது. கூமரின் தன்னளவில் பெரிய கேடு இல்லை. ஆனால் இலை ஈரத்தில் குவிந்து பூஞ்சணம் பிடித்தால், அந்தப் பூஞ்சணம் கூமரினை டைகூமரோல் என்ற இன்னொரு பொருளாக மாற்றிவிடும். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. காரணம், அவை தின்ற இனிப்புக் குளோவர் என்ற அவரைக் குடும்பத் தீவனம் பூஞ்சணம் பிடித்திருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழு அதிலிருந்து டைகூமரோலைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வோபரின் 1948 இல் எலி நஞ்சாகக் கடைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்கு மருந்தாகவும் அனுமதிக்கப்பட்டது. இன்றைக்கு இதயக் கிளினிக்குக்குப் போய் வருகிறவர்கள் பலர் விழுங்கும் சின்ன மாத்திரைக்கும், நம் வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை எலியைக் கொல்வதற்கும் அடியில் ஓடுவது ஒரே வேதியியல்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் இவை. குழையை வெட்டினால் அன்றைக்கே போடுங்கள், அல்லது நிழலில் பரவலாக உலர்த்துங்கள். குவித்துச் சாக்குக்குள் அமுக்கி, வெப்பம் ஏறிப் பூஞ்சணம் பிடித்த குழையை எந்தக் கால்நடைக்கும் கொடுக்க வேண்டாம், வயலுக்குப் போடுங்கள். குதிரைக்கும் நாய்க்கும் இந்த மரம் ஆகாது. எலி நஞ்சு வீட்டில் செய்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம். அளவு தெரியாத நஞ்சை எலிக்கு வைத்தால் அது கோழிக்கும் பூனைக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வைத்ததுதான்.

முள்முருக்கு நம் ஊர்க்காரன். தைக்குப் பிறகு இலையெல்லாம் கொட்டி, நெருப்புத் துண்டு மாதிரிச் சிவந்த பூவோடு நிற்கும்போது மைனாவும் காகமும் தேன் குடிக்க மொய்க்கும். பல வீடுகளில் கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்றுவதும் முள்முருக்கந் தடியில்தான். இலை நல்லது. ஆடு விரும்பித் தின்னும், இளந்தளிரை அரைத்து அரிசிமாவோடு ரொட்டியாகத் தட்டுபவர்களும் உண்டு. விதைதான் ஆபத்து. நெற்றுக்குள் இருக்கும் மங்கிய சிவப்பு விதைகளில் தசையைத் தளரச் செய்யும் அல்கலோயிட்டுகள் உண்டு. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் பூசிய குராரே நஞ்சு வேலை செய்யும் வழியிலேயே இவையும் வேலை செய்கின்றன. பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் வளவென்றால் நெற்று முற்றுமுன் கொப்பை வெட்டிவிடுங்கள். வெட்டினால்தான் குழையும் நன்றாகத் தழைக்கும்.

அகத்தியைப் பற்றிச் சொல்ல நஞ்சு பெரிதாக இல்லை. துவாதசிப் பாறணைக்கு அகத்திக்கீரை இல்லாத வீடு குறைவு. பூவைச் சுண்டும்போது நடுவில் இருக்கும் நரம்பை இழுத்தெடுத்தால் கசப்புப் போய்விடும். 'மருந்து குடிக்கும்போது அகத்தி தின்னாதே, மருந்தை முறிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பதில் எந்த நட்டமும் இல்லை. கோழிக் குஞ்சுகளுக்கு மட்டும் அகத்தி இலையைத் தீவனமாகச் சேர்க்க வேண்டாம். சோதித்துப் பார்த்த இடங்களில் குஞ்சுகள் தாங்கவில்லை.

படி 3: ஆட்டுக்கும் மாட்டுக்கும் இபில் இபில் கொடுக்கும் முறை

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்று. அண்ணன் ஒருமுறை ஆறு ஆடு வாங்கினார். மேய்ச்சலுக்கு விட ஆள் இல்லை, வேலி முழுக்க இபில் இபில். காலையும் மாலையும் அதையே ஒடித்துப் போட்டார். முதல் மாதத்தில் ஆடுகள் மினுமினுத்தன. பிறகு மயிர் கொட்டத் தொடங்கியது. பிறந்த குட்டி ஒன்றுக்குத் தொண்டையில் வீக்கம். பார்த்த மாட்டு வைத்தியர், எதைப் போடுகிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது. மற்றக் குழைகளைக் கலந்து கொடுத்தபின் ஆடுகள் தேறின. குட்டி தப்பவில்லை.

காரணம் மிமோசின். இபில் இபிலின் இலையிலும் விதையிலும் இருக்கும் அமினோ அமிலம் இது. இளந்தளிரில் மிக அதிகம். மயிர் வளர்ச்சியை நிறுத்தும். அசைபோடும் விலங்கின் வயிற்றுக்குள் இது உடைந்து, தைரொயிட்டைத் தாக்கிக் கழலை உண்டாக்கும் இன்னொரு பொருளாக மாறும். எல்லா நாட்டு ஆடுகளுக்கும் இது நடப்பதில்லை என்பதுதான் வியப்பு. அவுஸ்திரேலியாவில் மாடுகள் நோய்ப்பட, ஹவாயில் ஆடுகள் அதே குழையைத் தின்று சுகமாக இருப்பதை அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் ஒரு பக்டீரியா இருந்தது. 1980களில் அதை அவுஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்கு மாற்றியதும் அவையும் தேறின. 1992 இல் அந்தப் பக்டீரியாவுக்கு ஜோன்ஸின் பெயரையே வைத்தார்கள்.

நம் பட்டி மாட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

புதிதாகப் பழக்கும் விலங்குக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைகளில் மெல்லக் கூட்டுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். மீதி புல், வைக்கோல், முள்முருக்கு, பூவரசங்குழை. சினை ஆட்டுக்கும் சினை மாட்டுக்கும் இன்னும் குறையுங்கள். துளிரை விட முற்றிய இலை பாதுகாப்பானது. வெயிலில் உலர்த்தினால் மிமோசின் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. கோழித் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இலைத்தூள் கூடாது. குதிரை, கழுதை, பன்றி, முயல் ஆகியவற்றுக்குக் கொடுக்காமலே விடுவது நல்லது.

இபில் இபிலின் இன்னொரு குணம், விதையை அள்ளி எறிந்து பரவுவது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த மரமும் இருக்கிறது. பூத்தவுடன் வெட்டுங்கள். நெற்று உலரும்வரை விட்டால் அடுத்த மாரிக்குப் பக்கத்து வளவுக்காரரும் உங்களோடு சேர்ந்து களை பிடுங்குவார்.

படி 4: கீரைக்கும் தேநீருக்கும் பறிக்கும்போது ஆள்மாறாட்டத்தைத் தவிர்த்தல்

மரங்களோடு ஒட்டி நிற்கும் சிறு செடிகளையும் இங்கே சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான். முதல் மழைக்கு வளவெல்லாம் தகரை முளைக்கும். இளந்தளிரைச் சுண்டித் தின்போம், நல்ல கீரை. அதே இடத்தில் அதன் சொந்தக்காரச் செடி பேயாவரையும் முளைக்கும். இரண்டுக்கும் மஞ்சள் பூ.

வேறுபாடு இப்படி. தகரையில் ஒரு ஈர்க்கில் மூன்று சோடிச் சிற்றிலை, நுனி வட்டமாக இருக்கும். பேயாவரையில் நான்கு முதல் ஆறு சோடி, நுனி கூர். தகரையின் காய் மெல்லியது, நீண்டு வளைந்தது. பேயாவரையின் காய் தட்டையாக, விளிம்பில் வெளிறிய கோடு ஓட, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கசக்கினால் பேயாவரையில் கெட்ட நாற்றம் வரும். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பல ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் சிறு பிள்ளைகள் திடீரென மயங்கி இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். பேயாவரை விதையைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தின்றதுதான் காரணம் என்று 2007 இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த விதை ஈரல், தசை, மூளை மூன்றையும் தாக்குகிறது. பிள்ளை விளையாடும் இடத்தில் பேயாவரையை வேரோடு பிடுங்கி எறிய இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

றோட்டோரம் நிழலுக்கு வைத்திருக்கும் மஞ்சட்கொன்றையும் இந்த இனம்தான். தாய்லாந்தில் அதன் தளிரையும் மொட்டையும் பலமுறை அவித்து, அவித்த நீரை ஊற்றிவிட்டுக் கறி வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தின்றும் கேடு வந்ததில்லை. 1990களின் இறுதியில் அதே இலையை அவிக்காமல் உலர்த்திப் பொடித்து, தூக்கத்துக்கு நல்லதென்று மாத்திரையாக விற்றார்கள். விழுங்கியவர்களில் பலருக்கு ஈரல் அழற்சி வந்தது. பழைய முறையில் நீரோடு வெளியே போன பொருள் மாத்திரைக்குள் அப்படியே இருந்தது. நாட்டு மருந்தை மாத்திரையாக்கி விற்கும் எவரைக் கண்டாலும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கைப்பக்குவத்தில் ஒரு படியை விட்டால் மருந்து வேறொன்றாகிவிடுகிறது.

ஆவரசுப் பூவை உலர்த்திக் குடிப்பது பரவாயில்லை. பொத்துவில், பாணமைப் பக்கக் கரையோரப் புதர்க்காடுகளில் நிறைய நிற்கும். பூவை மட்டும் பறியுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதென்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

புளியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பழம், கொழுந்து, பூ, வறுத்த கொட்டை எல்லாம் தின்கிறோம்.

படி 5: பரிகாரி மரங்கள்

கொன்றையின் நெற்று ஒரு முழத்துக்கும் அதிகமாக நீளும், முற்றினால் கறுத்த தடி மாதிரி. உள்ளே காசு அடுக்கியது போல் தட்டுகள், தட்டுகளில் தார் மாதிரி ஒட்டும் கறுப்புச் சதை. அந்தச் சதைதான் மலமிளக்கி. வேலை செய்வது அந்திராகுவினோன் வகைப் பொருள்கள்; ஆஸ்பத்திரியில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவரை மாத்திரையிலும் அவைதான். சதையைத் தவிர விதையும் தோலும் பட்டையும் வீட்டு வைத்தியத்துக்கு இல்லை. கருவுற்ற பெண்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்களுக்கும் வேண்டாம். நாள்கணக்கில் தொடர்ந்து எடுத்தால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறி இதயத் துடிப்பையே குழப்பும். அளவைப் பரிகாரியார் நாடி பார்த்துச் சொல்லட்டும். நான் இங்கே எழுதப்போவதில்லை.

அம்பாறைக்கு மேற்கே இங்கினியாகலை தாண்டி நில்கல பக்கம் போனால் புல்வெளிக் காட்டுக்குள் வேங்கை நிற்கிறது. பட்டையில் வெட்டுப் பட்டால் இரத்தம் மாதிரிப் பிசின் வடியும். உதிரவேங்கை என்ற பெயர் அதனால் வந்தது. இதன் வைரத்தில் கடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்து, காலையில் நீரிழிவுக்காரர் குடிப்பது பழைய வழக்கம். அந்த நீரை வெயிலில் பிடித்துப் பார்த்தால் நீலம் பளிச்சிடும். உண்மையான வேங்கையா என்று பார்க்க அதுவே நல்ல அடையாளம். குடிப்பவர்கள் இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தக்கூடாது. காட்டில் நிற்கும் மரத்தைச் சுற்றிப் பட்டை உரிப்பதும் வேண்டாம். சுற்று முழுக்க உரிந்தால் மரம் சாகும்.

புங்கெண்ணெய் வெளிப்பூச்சுக்கு. சொறி, சிரங்குக்கும், ஒரு காலத்தில் விளக்கெரிக்கவும். வாய்க்குள் போகவே கூடாது; அதிலிருக்கும் கரஞ்சின் என்னும் பொருள் அதைக் கசப்பாக்குவது ஒரு வகையில் நமக்குப் பாதுகாப்பு. பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது, வயலுக்கு மிக நல்லது. மண்ணில் இட்ட நைதரசன் சீக்கிரம் கரைந்து போகாமல் அது பிடித்து வைக்கும்.

படி 6: வாவிக்கரையில் நஞ்சுக்கொடியை அறிந்து விலகுதல்

கண்டல் ஓரமாகத் தோணியில் போகும்போது, மரங்களின் மேல் படர்ந்து, வெளிறிய பூங்கொத்தோடும் தட்டையான சிறு நெற்றோடும் ஒரு கொடி தெரியும். தில்லங்கொடி. தில்லை மரத்தோடு இதற்கு உறவில்லை, அவரைக் குடும்பக் கொடி. தெரிஸ் என்ற இனம். இதிலும் இதன் சொந்தங்களிலும் ரொட்டினோன் என்னும் நஞ்சு இருக்கிறது. உலகத்தில் வெப்பமண்டல ஆறுகள் ஓடும் இடமெல்லாம் மக்கள் இந்தக் குடும்பச் செடிகளைக் கொண்டு மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். புங்கின் விதையும் பட்டையும் அப்படியே பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எம்மானுவேல் ஜெஃப்ராய் தென்னமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தார். 1902 இல் யப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி தெரிஸ் வேரிலிருந்து பிரித்து, அந்தச் செடியின் 'ரோட்டென்' என்ற பெயரையே அதற்கு வைத்தார்.

ரொட்டினோன் மீனின் செவுள் வழியாக நேரே இரத்தத்துக்குள் போகிறது. உயிரணுவுக்குள் சக்தி உண்டாகும் இடத்தை அடைக்கிறது. சுற்றிலும் நீர் நிறைய ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சடைத்து மேலே வருகிறது. மனிதர் வயிற்றில் அது மெதுவாக உறிஞ்சப்படுவதால் அந்த மீனைத் தின்றவர்கள் தப்பினார்கள். அதற்காக இது சாதுவான பொருள் இல்லை. 2000 இல் வெளியான ஆய்வொன்றில், தொடர்ந்து ரொட்டினோன் ஏற்றப்பட்ட எலிகளுக்குப் பார்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் விறைப்பும் வந்தன.

இந்தப் படியில் செய்முறை எதுவும் இல்லை. நஞ்சிட்டு மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தை விட எனக்கு வாவியின் உருவம்தான் கவலை. நம் வாவி ஓடும் ஆறு அல்ல. முகத்துவாரம் மூடிக் கிடக்கும் மாதங்களில் நீர் அங்கேயே நிற்கும். கண்டல் வேருக்குள் ஒதுங்கிக் கிடப்பது இறால் குஞ்சும், கூனியும், இன்னும் விரல் நீளம் ஆகாத மீனும். ஒரு பொழுது கறிக்காக அந்த மூலையைக் கலக்கினால் அடுத்த பருவத்துக்கு அத்தாங்கு போடுபவர்க்கும் கரப்பு வைப்பவர்க்கும் அங்கே எதுவும் மிஞ்சாது.

படி 7: சிவப்பு விதைகளைப் பிரித்தறிதல்

இது மிக முக்கியமானது, வீட்டில் பிள்ளை இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். சிவப்பு விதை எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள்.

முழுச் சிவப்பு, தட்டையாகப் பளபளவென்று, கறுப்பே இல்லாதது மஞ்சாடி. ஆனைக்குண்டுமணி என்றும் சொல்வோம். பெரிய மரத்தின் சுருண்ட நெற்றிலிருந்து விழும். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் குழப்பும், மற்றபடி கொடியது அல்ல.

சிவப்போடு ஒரு பக்கம் கறுப்புக் கண் இருப்பது குண்டுமணி. வேலியில் படரும் மெல்லிய கொடி. பத்தர்மார் தங்கம் நிறுத்த இரண்டையும் வைத்திருந்தார்கள். இரண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி என்பது கணக்கு. ஒரு குண்டுமணி சுமார் 0.12 கிராம். வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை என்று நாம் சொல்வது அந்த அளவில்தான்.

குண்டுமணிக்குள் இருப்பது அப்ரின். உயிரணுக்கள் புரதம் செய்வதையே நிறுத்தும் நஞ்சு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. தோல் உடையாமல் முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். மென்றாலோ, ஊசி போட்டுத் துளைத்த விதையை வாயில் வைத்தாலோ கதை வேறு. ஒரேயொரு விதை ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். மாலை, காப்பு என்று கோத்து விற்பவை எல்லாம் துளைத்த விதைகள்தான். 2011 இல் இங்கிலாந்தின் ஈடன் ப்ரொஜெக்ட் தோட்டம் தான் விற்ற குண்டுமணிக் காப்புகளைத் திருப்பித் தரும்படி வாங்கியவர்களைக் கேட்டது. திருவிழாக் கடையில் வாங்கிய அப்படியொரு காப்பு எங்கள் மருமகளின் கையிலும் கிடந்தது. பல் முளைக்கும் வயது, எதையும் கடிப்பாள். அம்மம்மா கண்டு கழற்றி அடுப்பில் போட்டார். வாசித்து அறியாத அம்மம்மாவுக்குத் தெரிந்தது, வாங்கிக் கொடுத்த எனக்குத் தெரியவில்லை.

தட்டில் சாம்பல் நிறத்தில் கல்லு மாதிரி இருந்தால் அது கழற்சி. விளையாட விடலாம், வாயில் போட விட வேண்டாம்.

படி 8: ஏதாவது நடந்துவிட்டால்

வாயில் மிஞ்சியிருப்பதை விரலால் வழித்தெடுத்து, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். சத்தி (வாந்தி) எடுக்க வைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், எண்ணெய், பால் எதையும் ஊற்ற வேண்டாம். தின்ற விதை, இலை, காய் எதுவோ அதில் ஒன்றைப் பையில் போட்டுக் கையோடு எடுங்கள். டொக்டருக்கு உங்கள் விளக்கத்தை விட அது பயன்படும். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை என்று ஒரு துண்டில் எழுதுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். குண்டுமணியில் வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம், சில வேளை இரண்டு மூன்று நாளும் ஆகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மூக்கில், சாணியில் இரத்தம் கண்டால், போட்ட குழையின் மாதிரியோடு மாட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். இரத்தம் உறையாத நோய்க்கு விற்றமின் கே ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போனால் தப்பும்.

படி 9: கதியால் நடுதல்

ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்தபின், கார்த்திகை வெள்ளம் ஏறுமுன். சீமைக்கிளுவைக்கு மணிக்கட்டுப் பருமனில், பட்டை பழுப்பேறிய முற்றிய தடியாக, ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டுங்கள். மேல்முனையைச் சரித்து வெட்டினால் மழைநீர் தங்காது. எது மேல் எது கீழ் என்ற குழப்பமும் வராது. முள்முருக்கந் தடியை வெட்டியவுடன் நட்டால் அழுகும். வெட்டு வாய் காயும்வரை சில நாள் நிழலில் சாய்த்து வைத்து, பிறகு ஒரு முழ ஆழத்துக்கு இறக்கி மண்ணை மிதித்து இறுக்குங்கள். அகத்தியை விதையாகவே ஊன்றுங்கள், கிணற்று நீர் ஓடும் பக்கம். ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய வரிசையில் ஒரே மரத்தை வைக்காமல் மூன்று நான்கு வகையை மாற்றி மாற்றி நடுங்கள். கோடையில் குழை ஒடிக்கும் கை தானாகவே கலந்து ஒடிக்கும்.